வெளிச்ச வீட்டுக்காரரும் என் மாமியும்

தொலைக்காட்சியில் கேள்வி கேட்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் அவன் பெரிய தைரியசாலி போலத் தெரியும். எதிரே இருக்கும் விருந்தினர்தான் நடுங்குவார் என்று நினைப்பார்கள். பல வருடங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது சுத்தப் பொய். விருந்தினருக்குத் தன் கதையாவது தெரியும். கேட்பவனுக்கு அதுவும் தெரியாது. பிற்காலத்தில் மந்திரிமாரே யோசித்துப் பேட்டி கொடுக்கும் அளவுக்கு என்னை ஏற்றிவிட்டது ஒரேயொரு அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் என் கழுத்துப்பட்டிகூட வியர்வையில் ஊறிவிட்டது.

எண்பதுகளின் ஆரம்பம். நான் கல்முனையில் கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத புது மாப்பிள்ளை. கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையம் தமிழ் நேர்காணல் நிகழ்ச்சிக்கு என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. முதல் நிகழ்ச்சி சரிவந்தால் வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் மாமனாரின் நெல் மில்லில் மூட்டைகளுக்குக் காவல்.

எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். மாமி மருமகனோடு நேரே கதைக்க மாட்டார், முன்னால் வரவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, மகளிடம் சொல்வது போல மருமகனுக்குச் சொல்வார். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் எங்கள் மாமி வீட்டுப் பூனையிடம் சொல்வார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவர் வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வந்ததில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை இருந்தது, அதைவிடப் பல மடங்கு பயம் இருந்தது. (வெளியே போகச் சொன்னால் போவதற்கு எனக்கு வேறு வீடும் கிடையாது.)

நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. வீட்டில் தொலைபேசி இல்லாததால் அன்று காலை மில்லுக்கு எடுத்தபோது, அங்கே வந்து காத்திருந்த மனைவிதான் கதைத்தாள். (நானா என்று அவள் சொல்வது தன் அண்ணனை.)

"நானா சவூதியிலிருந்து கொண்டுவந்த டீவிய உம்மா ஹோலுக்கு நடுவுல வெச்சிரிக்கா. தெருவெல்லாம் சொல்லிட்டா. பயப்படாமக் கதைங்க."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முறையாகப் பயம் பிடித்தது.

விருந்தினர் ஒரு வெளிச்ச வீட்டுக் காவலர். கடலுக்கு நடுவே கலங்கரை விளக்கம் நிற்கும் ஒரு பாறையில் வாழ்நாளில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். "கதை கதையாகச் சொல்லுவார்" என்று தயாரிப்பாளர் உறுதி கொடுத்தார். அங்கே அவர் யாரோடு கதைத்துப் பழகியிருப்பார் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நானோ என் தமிழ்ப் புலமை முழுவதையும் இறக்கிக் கேள்விகள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

"அலைகளின் ஓயாத ஓசைக்கு நடுவே, மனித முகத்தையே காணாமல், மாதக்கணக்கில் தனிமையில் வாடியிருப்பீர்கள், இல்லையா?"

"ஓம்."

"புயல் வீசும் இரவுகளில் உயிரைப் பணயம் வைத்து அந்த விளக்கைக் காத்திருப்பீர்கள்?"

"ஓம்."

"பயமாக இருக்கவில்லையா?"

"இல்ல."

பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துத் தைத்திருந்தேன், பாவம் அந்த மனிதர் வேறென்ன சொல்வார்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் அப்படியே முழுதாகக் கிடந்தது, என் கேள்விகள் தீர்ந்துவிட்டன. கண்ணாடிக்குப் பின்னால் தயாரிப்பாளர் "இழு, இழு" என்று கைகளை விரித்துக் காட்டினார். மில்லும் மூட்டைகளும் கண் முன்னே வந்தன. அப்போது என்னைக் கேட்காமலே என் வாய் திறந்தது.

"தனிமை எனக்கும் தெரியும் ஐயா. எங்கட வீட்டிலயும் ஒரு ஆள் என்னோட கதைக்கிறல்ல."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆரு?"

பேட்டி எடுப்பவன் நான் என்பதே மறந்துபோயிற்று. பையிலிருந்த லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எடுத்து முக்காடாகத் தலையில் போட்டுக்கொண்டு, மாமியின் குரலில் சொல்லத் தொடங்கினேன்.

"'பூன, சோறு ஆறுது. திங்கிற ஆக்கள் கெதியா வந்து திங்கலாம். ஆணத்துல உப்பில்லாட்டி வாயத் துறந்து சொல்லலாம்.' எங்கட மாமி இப்பிடித்தான் ஐயா, எனக்குச் சொல்றதப் பூனைக்கிட்டச் சொல்லுவா. ஒருநாள் பூன தனக்குத்தான் சொல்றாவெண்டு நெனச்சி, எனக்கு முந்திப் போய்த் திண்டுட்டு."

வெளிச்ச வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, நான் ஏன் வெளிச்ச வீட்டுக்குப் போனன் எண்டு நினைக்கிறீங்க? உங்கட மாமி கதைக்கிறல்ல, எங்கட மாமி நிப்பாட்டுறல்ல!"

அதன் பிறகு அவரும் நிப்பாட்டவில்லை. நேரம் முடியும் வரை மாமி கதைதான். கமராக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கமராவின் சிவப்பு விளக்கு அணையும் நேரத்தில்தான், கல்முனையில் ஹோலுக்கு நடுவே ஒரு டீவி இருப்பது என் நினைவுக்கு வந்தது. லேஞ்சி இன்னும் தலையிலேயே இருந்தது.

நிலையத்துக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. தயாரிப்பாளர் என்னைக் கட்டிப்பிடித்து, வேலை நிரந்தரம் என்றார். "ஆனா இனி உம்மை நம்பி நேரடியா விடமாட்டன், பதிவு செய்துதான் போடுவன்" என்றும் சொன்னார். நான் மில்லுக்கு அழைத்தேன். எடுத்தவர் மாமா.

"வாங்க மருமகன், வந்து கதைப்பம்" என்றார், வைத்துவிட்டார்.

அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன். மாவடிப்பள்ளி வயல்களைக் காணும்போது தெரிந்த துஆக்கள் எல்லாம் ஓதி முடிந்திருந்தன. ஊருக்கு முன்னால் வரும் காரைதீவுச் சந்தியிலேயே இறங்கிவிடுவோமா என்று யோசித்தபோது கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"டீவியில பூனைக் கதை சொன்னது நீங்கதானே அண்ணன்? வீட்டுக்கா போறீங்க?" அவன் குரலில் உண்மையான கவலை இருந்தது.

விறாந்தையில் ஒரு சூட்கேஸ் நின்றது. என்னை வெளியேற்ற உடுப்புகளைக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். (பிறகு பார்த்தால் நான் கையில் கொண்டுவந்து வைத்ததுதான்.) மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"உம்மா அந்தப் பூனைக் கதையக் கேட்ட அண்டையிலிருந்து ஒழுங்காச் சோறு திங்கல்ல. வெளியிலயும் போகல்ல."

பயத்தோடு பயமாக வெட்கமும் வந்து சேர்ந்தது. என்னைப் பற்றிய பெருமையில் தெருவையே கூட்டி வைத்திருந்த மனுஷியை, அந்தத் தெருவுக்கு முன்னாலேயே நான் சிரிப்புக்கு ஆளாக்கியிருந்தேன். எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது? கேட்டாலும் எதிரே நின்று கேட்க அவர் வரமாட்டாரே.

நான் பதிவு செய்துவிட்டு வந்த நிகழ்ச்சி அன்று பின்னேரம் ஒளிபரப்பானது. தெரு முழுக்க வந்திருந்தது. (நிகழ்ச்சியைப் பார்க்கவா, என்னை வெளியேற்றுவதைப் பார்க்கவா என்று தெரியவில்லை.) நான் மூலையில் ஒரு பாயில் ஒடுங்கியிருந்தேன். டீவியில் என் முகம் வந்ததும் அறைக் கதவு திறந்தது. மாமி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், டீவிக்கு நேரே உட்கார்ந்தார்.

"வாங்க மருமகன்," என்றார் டீவியைப் பார்த்து.

ஹோலில் இருந்தவர்கள் என்னையும் டீவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஊர் பாக்க என்னப் பூனையோட கதைக்கிற பொம்புள எண்டீங்களே. ஒங்களுக்கு ஆணம் காச்சின கை இது. உப்பில்லாட்டி அண்டைக்கே சொல்லியிரிக்கலாமே? கொழும்புக்குப் போய்த்தான் சொல்லணுமா?"

டீவிக்குள் இருந்த நான் விருந்தினரின் பேச்சுக்குத் தலையாட்டினேன்.

"ஓம், இப்ப நல்லாத் தலையாட்டுங்க," என்றார் மாமி. பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "எனக்கும் கதைக்க ஆசதான் மனே. பசிக்குதா, மேலுக்குச் சுகமா எண்டு கேக்க வாய் வரும். வழக்கமெண்டு ஒண்டு இரிக்கே, என்ன செய்ய?"

என் கண் கலங்கிவிட்டது. பொறுக்க முடியாமல் எழுந்தேன். "மாமி, என்ன மன்னிச்..."

மாமி திரும்பவே இல்லை. முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"புள்ள, அந்தாளச் சத்தம் போடாம இரிக்கச் சொல்லு. மருமகன் கதைக்காரு."

அன்று தொடங்கி, நான் டீவியில் வந்த காலம் முழுவதும் வாராவாரம் மாமி என்னோடு வாய் நிறையக் கதைத்தார். நேரில் பூனைதான். இன்றைக்கும் வீட்டில் நான் ஏதாவது அபிப்பிராயம் சொல்ல வாயெடுத்தால், டீவி அணைந்து கிடந்தாலும், பிள்ளைகள் ஒரே குரலில் "சத்தம் போடாதீங்க வாப்பா, மருமகன் கதைக்காரு" என்பார்கள். மருமகன் ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன. அந்தாளுக்குத்தான் இன்னும் வாய் திறக்க அனுமதி கிடைக்கவில்லை.