எல்லாவற்றுக்கும் ஓர் இண்டெக்ஸ்

“உலகத்திலேயே வேகமான ஆஸ்பத்திரி எது, சொல்லு பாப்போம்?” என்று எங்கள் கணினிப் பிரிவுத் தலைவர் ஒருமுறை என்னைக் கேட்டார். பதிவு ஜன்னலில் டோக்கன் கிழித்துக் கொடுப்பவள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். “நம்மளதுதான்மா” என்று விடையையும் அவரே அருளினார். அதன் பிறகு எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

அதற்கு முன்பு நாங்கள் இருண்ட காலத்தில் கிடந்தோம். பழைய நோயாளி ஒருவரைத் தேடினால், கம்ப்யூட்டர் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டு வரும். அதற்குள் தலைவலிக்காரருக்குத் தலைவலியே போய்விடும். புரோகிராமர் அக்கா பெயருக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டார். புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று இருக்குமே, அதுபோல. தட்டினால் ஆள் வந்து நின்றார்.

உடனே உயர்மட்டக் கூட்டம் கூடியது. பெயருக்கு மட்டும் சலுகையா என்று எல்லாத் துறைகளும் பொங்கின. ரத்த வகைக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. பார்க்கிங் பொறுப்பாளர் வண்டியின் நிறத்துக்கும் கேட்டு வாங்கிவிட்டார். புதிதாக ஒருவர் வந்தால் அத்தனை இண்டெக்ஸிலும் அவரை எழுதியாக வேண்டும், பதிவு படுத்துவிடும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அது “வேகத்துக்கு எதிரான மனநிலை” என்று தீர்மானிக்கப்பட்டது. அக்கா “உற்சாகப் பயிற்சி”க்கு அனுப்பப்பட்டார்.

பிறகு ஒரு நாள், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். முதல்முறை வருகிறவர். குமாஸ்தா விவரங்களைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பதிவு எண் இல்லாதவரை டாக்டர் தொடக்கூடாது என்பது எங்கள் உயரிய விதி. “கொஞ்சம் பொறுங்கண்ணே” என்றேன். குமாஸ்தா டீ குடித்துவிட்டு வந்தும் வட்டம் ஓயவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் விருந்தினர்களோடு வந்தார். குட்டையானவர், ஓ பாசிட்டிவ், சிவப்பு ஸ்கூட்டர் என்று தட்டினார். கண் இமைப்பதற்குள், போன வருடம் காலமான ஒருவர் திரையில் வந்து சிரித்தார். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

“சார், எம் பொண்ணையும் கொஞ்சம் தேடிப் பாருங்க. ரொம்ப நேரமாப் பதிஞ்சிட்டிருக்காங்க. உடம்பு அனலாக் கொதிக்குது.”

தலைவர் பெருந்தன்மையோடு பெயரைக் கேட்டுத் தட்டினார். ‘அப்படி யாரும் இல்லை’ என்று பளிச்சென்று வந்தது.

“பாத்தீங்களா?” என்று அந்தத் தகப்பனிடமே பூரித்தார். “ஒருத்தர் இல்லைங்கிறதைக்கூட எவ்வளவு சீக்கிரம் சொல்லிடுது.”

அவர் மகளின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.