ஜப்பானில் கரண்டு போன நாள்

ஒருவருக்கு வழியனுப்பு விழா நடந்துவிட்டால் அவர் கிளம்பிவிட வேண்டும். திருச்சபைச் சட்டத்தில் இதற்கென்று தனிப்பிரிவு கிடையாது. இருந்திருந்தால், காரைக்குடியை ஒட்டிய மானகிரியில் ஒரு கன்னியாஸ்திரீ வைகாசி வெக்கையில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, அரிசி மூட்டைக்கும் புளிப்பானைக்கும் நடுவே உட்கார்ந்திருக்க நேர்ந்திருக்காது. அந்தக் கன்னியாஸ்திரீ நான்தான்.

எங்கள் சபை ஜப்பானின் வடக்கே ஒரு சிற்றூரில் முதியோர் இல்லம் நடத்துகிறது. அங்கே மறைப்பணிக்கு அனுப்ப இருவரைத் தயார் செய்தார்கள். ஒருவர் சிஸ்டர் ரெஜினா, இன்னொருவர் நான். இடம் ஒன்றுதான். ஜப்பானிய மொழியில் பொருளின் வடிவத்துக்கு ஏற்றபடி எண்ணும் சொல் மாறும். பென்சில் போல நீளமானவற்றுக்கு ஒன்று, காகிதம் போலத் தட்டையானவற்றுக்கு ஒன்று, குட்டி மிருகங்களுக்கு ஒன்று. ரெஜினா இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நானோ முயலையும் முருங்கைக்காயையும் ஒரே கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குக் கைவந்தது குனிவது மட்டும்தான். வணக்கத்துக்குக் கொஞ்சம், மரியாதைக்கு இன்னும் கொஞ்சம், மன்னிப்புக்கு இடுப்பே மடங்கும்படி. இணையத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த சென்செய் (அங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என் குனிவை மட்டும் மனமாரப் பாராட்டினார்.

அதனாலோ என்னவோ, சபைத் தலைவி மதர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லிவைத்தார். "செசிலி, உங்ககிட்ட எனக்கு ஒரே பயந்தான். நாடகம் எதுவும் நடந்துச்சுன்னா ரெஜினா போவாங்க." எனக்கு வயது இருபத்தாறு. நாடகமா, நானா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிளம்புமுன் வீட்டுக்குப் போய்வர விடுப்புக் கொடுத்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப்பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். அவருக்கு என் பயணத்தைவிட மொழியில்தான் பெருமை அதிகம். ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்று ஒருநாள் நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "வராம? எல்லாம் இங்குட்டிருந்து போனதுதானே" என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது எங்கள் பங்குக் கோயிலில் திருவிழா நேரம். பந்தல் போட்டாயிற்று, சீரியல் பல்பு தொங்குகிறது, மைக்செட் வந்துவிட்டது. எல்லாம் இருக்கும்போதே வழியனுப்பு விழாவையும் நடத்திவிடலாம் என்றார் பங்குச்சாமியார். ஜப்பானிலிருந்து ஒரு அனுமதிப் பத்திரம் வர வேண்டும், அது வந்த பிறகுதான் விசா என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் வந்துவிடும் என்றார்கள். பந்தல் பிரிப்பதற்குள் வர வேண்டியது அந்தப் பத்திரத்தின் பொறுப்பாயிற்று.

விழா பிரமாதமாக நடந்தது. ஃபிளெக்ஸில் ஒரு பக்கம் பனிமலை, ஒரு பக்கம் பூத்த மரம், நடுவில் நான். மேலே போட்டிருந்த விமானம் நேராக என் இடது காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அம்மா அழுத அழுகையில் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வீடு விருந்து. மானகிரியில் எனக்காக உயிர்விட்ட நாட்டுக்கோழிகளை எந்த மொழியின் எண்ணும் சொல்லாலும் எண்ணி மாளாது. பரிசாக வந்தவை பெரும்பாலும் ஸ்வெட்டர்கள். (காரைக்குடியில் ஸ்வெட்டர் எங்கே விற்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

பிறகு ஒரு காலையில் தெருவே கூடி நின்று, மாலை போட்டு என்னைக் காரில் ஏற்றியது. திருச்சியில் ரயில் பிடித்துச் சென்னை மடத்துக்குப் போய், பத்திரம் வந்ததும் அங்கிருந்து விமானம் ஏறுவதாக ஏற்பாடு. புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்கியபோது மதரிடமிருந்து போன் வந்தது. பத்திரம் தாமதமாகும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ தெரியாது, சென்னை மடத்தில் இப்போது இடமில்லை, வீட்டிலேயே இருந்து வகுப்பைத் தொடருங்கள் என்றார்.

அப்பா டீயைக் குடிக்கவே இல்லை. கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "மத்தியானம் ரெண்டு மணிக்குத் தெருவுல நாய்கூட நடமாடாது" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அதைவிட மோசம், எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டதுதான். பின் சீட்டில் படுத்தபடி, மாலையோடு வீடு திரும்பினேன்.

அப்படித் தொடங்கியது என் மறைப்பணி. மறைந்து செய்கிற பணி என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஊரைப் பொறுத்தவரை நான் கார் ஏறிய அன்றே ஜப்பான் போய்ச் சேர்ந்துவிட்டேன். பகலில் வாசல் பக்கம் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போக முடியாது. கோயில் ஒலிபெருக்கி வீடுவரை கேட்கும். ஜப்பான் மண்ணில் குளிரிலும் தனிமையிலும் உழைக்கும் நம் செசிலி சகோதரிக்காக மன்றாடுவோம் என்று சாமியார் சொல்வார். நான் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஊரோடு சேர்ந்து பதில் சொல்வேன்.

சிக்கல் என்னவென்றால் வகுப்பு நிற்கவில்லை. தினமும் காலையில் சென்செய் வருவார். அவர் சொல்வதை நான் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் அவருக்குப் பிடிக்காது. பக்கத்து வீட்டு வள்ளிமயில் அத்தைக்குப் பாம்புச்செவி. இரண்டாம் நாளே கேட்டுவிட்டார்.

"என்ன மதினி, காலங்காத்தால உங்க வீட்டுக்குள்ள ஜப்பான் பாசையில சத்தம் வருது?"

"செசிலிதான். அங்கிட்டிருந்து போன் பேசுறா. ஸ்பீக்கர்ல போட்டுக் கேக்குறோம்."

"பெத்த தாயிகிட்டயா ஜப்பான் பாசை பேசுறா?"

"பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்ல" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு இவ்வளவு திறமை உண்டென்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அங்கே பனி எப்படிக் கொட்டுகிறது என்றுகூட அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜப்பானிலும் அது கோடைகாலம்தான். நான் உள்ளே இருந்து திருத்த முடியாமல் தவித்தேன்.

பிறகு அன்பியக் கூட்டம் வந்தது. தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபமாலை சொல்வார்கள். அந்த முறை எங்கள் வீடு. இதைத் தள்ளிப்போட வழியே கிடையாது. சாவு விழுந்த வீட்டிலேயே தள்ளிப்போட மாட்டார்கள். அதுவும் மறைப்பணியாளரின் வீடு என்பதால் சாமியாரே வந்துவிட்டார். வள்ளிமயில் அத்தை இந்துதான், ஆனால் மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் பலிக்கும் என்பார், சுண்டலும் பிடிக்கும், அதனால் அவரும் வந்திருந்தார். கூடம் நிறைந்துவிட்டது. என்னைச் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நானும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பத்துப் பத்து மணியாகச் சொல்லும் ஐந்து பத்தில் நாலு பத்து முடிந்ததும் சாமியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் சகோதரியை வீடியோவில் கூப்பிட்டு, கடைசிப் பத்தை அவரோடு சேர்ந்து சொன்னால் என்ன? அங்கே இந்நேரம் தூங்கியிருப்பாள் என்று அப்பா முனகுவதற்குள் என் மடியில் போன் அதிர்ந்தது. நல்லவேளை, சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

எடுக்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். திரும்பவும் அடித்தார்கள். திரும்பவும். பிறகு கூடத்தில் ஒரு பெண் குரல் ஜப்பானில் நிலநடுக்கம் அடிக்கடி வருமாமே என்றது. இன்னொரு குரல் விசும்பியது. எனக்காக அத்தனை பேரும் முழந்தாளிட ஆயத்தமாகும் சத்தம் கேட்டது. அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்வெட்டரை அங்கியின்மேல் மாட்டி, முக்காட்டின்மேல் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டு, மூட்டைகள் தெரியாதபடி வெள்ளைச் சுவர் பக்கம் சாய்ந்து போனை எடுத்தேன்.

பொய் மட்டும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்திருந்தேன். நாலு வருடப் பயிற்சி பெற்ற துறவி அல்லவா. கதவுக்கு வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேன். குளிர் எப்படி என்று சாமியார் கேட்டார். "ஸ்வெட்டர் போட்டிருக்கேன் ஃபாதர்" என்றேன். சாப்பாடு? "அரிசிச் சோறுதான் ஃபாதர்." மக்கள் எப்படிப் பழகுகிறார்கள்? "நம்ம ஆளுக மாதிரியேதான்." எல்லாம் சத்தியமான வார்த்தைகள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேர்வை தொப்பிக்குள்ளிருந்து கிளம்பி மூக்குநுனியில் சொட்டியது. பாவம், உருக்கத்தில் அழுகிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் கரண்டு போனது.

கரண்டு போனால் "கரண்டு போச்சு" என்று சொல்வது தமிழருக்கு அனிச்சைச் செயல். அதைச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை, இருட்டு எல்லோருக்கும்தான் தெரிகிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. கூடம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. நானும் உரக்கச் சொன்னேன். என் குரல் கதவு வழியாக ஒருமுறையும், அரை நொடி கழித்துச் சாமியாரின் போன் வழியாக ஒருமுறையும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போனில் தெரிந்த ஜப்பானும் இருண்டு போயிருந்தது.

பிறகு வள்ளிமயில் அத்தை நிதானமாகச் சொன்னார்.

"ஜப்பானுக்கும் நம்ம டிரான்ஸ்பார்மருதான் போல."

கதவைத் திறந்தது யார் என்று தெரியவில்லை. போன் வெளிச்சங்களெல்லாம் என் முகத்தில் விழுந்தன. எனக்குத் தமிழில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையில் பதித்து, சென்செய் கற்றுக்கொடுத்தபடி இடுப்பு மடங்கக் குனிந்து, மிகப் பெரிய தவறுக்கு மட்டும் சொல்கிற "மோஷிவாகெ கொசாய்மாசென்" என்பதைப் பிசகில்லாமல் சொன்னேன். தொப்பி கழன்று சாமியாரின் காலடியில் விழுந்தது.

அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் படித்த ஆட்கள் சுற்றிலும் இருந்தார்கள். அந்தக் காட்சிதான் எனக்கு இன்றும் வலிக்கிறது, மற்றதெல்லாம் சிரிப்பாகிவிட்டது. வள்ளிமயில் அத்தைதான் அவர் பக்கம் திரும்பினார். "இதுக்கா சார் இம்புட்டுப் பாடுபட்டீக? பஸ்ஸு லேட்டுன்னா ஸ்டாண்டுல நிக்கிறதில்லையா நாம?" அப்பா நிமிர்ந்து பார்த்தார். சாமியார் தொப்பியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, எல்லோரும் உட்காருங்கள், கடைசிப் பத்து பாக்கி இருக்கிறது என்றார். இருட்டிலேயே சொல்லி முடித்தோம். சுண்டலையும் இருட்டிலேயே தின்றார்கள்.

மறுநாள் மதருக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜினா பெட்டி கட்டுவது என் கண்ணில் தெரிந்தது. மதர் கடைசிவரை கேட்டார்.

"பொய் எதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுகூடச் சொல்லலை மதர்."

"அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார்.

பிறகு, அங்கே போனால் உங்களுக்குத் தெரிந்த ஜப்பானியம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் பேசுங்கள், உங்களுக்கும் நல்லது, சபைக்கும் நல்லது என்றார். நான் போகிறேன் என்று அதற்கு அர்த்தம் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மழைக்காலத்தில் பத்திரம் வந்தது, விசாவும் வந்தது. இந்த முறை மாலை இல்லை, கார் இல்லை. அப்பா பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சும்மா சிரித்துக்கொண்டு போனார்கள். விழாவன்று அப்படி அழுத அம்மா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை, இட்லிப்பொடியை மேலாக வை, கொட்டிவிடப்போகிறது என்றாள். சாயங்காலம் திரும்பி வரப்போகிறவளிடம் சொல்வதைப் போலத்தான் இருந்தது.

இங்கே வந்து ஆறாவது குளிர்காலம் நடக்கிறது. முயலையும் முருங்கைக்காயையும் இப்போது சரியாக எண்ணுகிறேன். (முருங்கைக்காய்தான் கிடைப்பதில்லை.) ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்தால் நலமா என்று யாரும் கேட்பதில்லை. தம்பி, சித்தி, வந்திருக்கும் விருந்தாளி, யார் எடுத்தாலும் முதல் கேள்வி, "அங்க கரண்டு இருக்கா?" என்பதுதான். வள்ளிமயில் அத்தை மட்டும் போனை வாங்குமுன் சாமான் அறையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

நான் இங்கே வந்து இறங்கிய முதல் வாரம், அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாடு, குளிர் என்று எதையெதையோ அலட்சியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று மானகிரியில் கரண்டு போனது. அம்மாவின் முகம் இருட்டில் மறைந்தது. பழக்கதோஷத்தில் நானும் சேர்ந்து "கரண்டு போச்சு" என்றேன்.

"ஒனக்கு லைட்டு எரியுதே" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப நெசமாவே போயிட்டியா" என்று இருட்டுக்குள் இருந்து கேட்டாள். பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.