பாதுகாவலர் என்ற கட்டத்தில் உன் பெயர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீ, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது. உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

இரண்டொரு நாளில் உனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வரும். "தங்கள் பொறுப்பிலுள்ள மாணவரின் நடத்தை குறித்துப் பேச, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துறைத் தலைவரை நேரில் சந்திக்கவும்" என்று அதில் இருக்கும். பதறாதே. அந்த மாணவர் நான்தான். சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்று ஒரு கட்டம் இருந்தது. என் அப்பா பெயரை எழுதலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. உன் அம்மா இருந்திருந்தால் யோசிக்காமல் அவள் பெயரை எழுதியிருப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வேலையைப் பார்த்தவள் அவள்தானே. வேறு வழியில்லாமல் உன் பெயரை எழுதினேன்.

நமக்குள் இருக்கிற ஒப்பந்தத்தை நான் மறக்கவில்லை. ரிட்டையர் ஆன பிறகு நான் ஃப்ரிட்ஜோடு பேச ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுங்க, இல்லேன்னா உருப்படியா ஏதாவது செய்யுங்க" என்றாய். வரலாறு படிக்கிறேன் என்றேன். மார்க் நன்றாக வந்தால் இங்கேயே இருக்கலாம், குறைந்தால் மூட்டை முடிச்சோடு உன் வீட்டு வாஷிங் மெஷின் அறைக்குக் குடிவர வேண்டும் என்று முடிவானது. அந்த அறையை நான் குறை சொல்லவில்லை. மெஷின் சுற்றும்போது கட்டிலும் கூடவே நகர்கிறது, அவ்வளவுதான்.

முதல் பருவத்தில் முதலிடம் வந்தேன், அது உனக்குத் தெரியும். ஏன் வந்தேன் என்பது தெரியாது. பேச ஆள் இல்லாததால் வந்தேன். வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். லெக்சரர் "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தால் ஐம்பத்திரண்டு தலையும் என் பக்கம் திரும்பும், நான் ஏதோ சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சி மாதிரி. மற்றபடி ஒரு குஞ்சு குளுவானும் என்னிடம் பேசாது. வகுப்பு, நூலகம், வீடு. மார்க் கொட்டியது. பேச்சுத் துணை பழையபடி ஃப்ரிட்ஜ்தான்.

இரண்டாம் பருவத்தில் என்னைக் கெடுத்தது என் நோட்டுப் புத்தகம். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் ஃபைல் அடுக்கிய கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நிறக் காகிதம் ஒட்டி, தேதி போட்டு, முன்பக்கத்தில் பொருளடக்கமும் எழுதி வைத்திருந்தேன். எங்கள் வகுப்பில் வாலு என்று ஒரு பெண். நிஜப் பெயரை அவளைப் பெற்றவளே மறந்திருப்பாள். "அங்கிள், போன வாரம் நான் வரல. நோட்ஸ் இருக்கா?" என்றாள். "எந்தக் கிழமை, காலையா மதியமா?" என்றேன். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, "பெரியப்பா!" என்றாள். அன்றிலிருந்து நான் ஐம்பத்திரண்டு பேருக்கும் பெரியப்பா. நோட்டைத் திருப்பித் தர வருகிறவர்கள் டீ வாங்கிக்கொண்டு வந்தார்கள், டீ குடிக்கும்போது புரியாத பாடத்தைக் கேட்டார்கள், பாடம் முடிந்ததும் சொந்தக் கஷ்டத்தைச் சொன்னார்கள். முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரன் ஆனேன். ஒரே மாதத்தில் ஏழு பிறந்தநாள். ஏழு தடவையும் என் முகத்தில்தான் கேக் தடவினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுகிற துறைக் கால்பந்து அணிக்கு வாலுதான் கேப்டன். கோல் கீப்பருக்குக் கால் சுளுக்கியதும், "பெரியப்பா, நீங்க சும்மா நின்னா போதும், உங்களைப் பார்த்து யாரும் பலமா உதைக்க மாட்டாங்க" என்றாள். நின்றேன். உண்மையாகவே யாரும் உதைக்கவில்லை. மூன்று ஆட்டம் ஜெயித்தோம்.

ஆனால் வாஷிங் மெஷின் அறை கண்முன் வந்துகொண்டே இருந்தது. நானும் திட்டம் போட்டவன்தான். "நட்பு: மாலை 5 முதல் 6 வரை. மற்ற நேரம் படிப்பு" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். விளைவு, அதுவரை சில்லறையாக வந்தவர்கள் மொத்தமாக ஐந்து மணிக்கு வந்தார்கள். ஒரே அறையில் இருபத்து மூன்று பேர். கீழ் வீட்டு ஓனரம்மா மாடிப்படியில் நின்று, "சார், கீழ மனுஷி குடியிருக்கணுமா வேண்டாமா? சுவிட்ச் போடாமலே ஃபேன் ஆடுது!" என்று கத்தினார். சரி, நூலகத்துக்கு ஓடலாம் என்று போனால் நூலகர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மருமகளைப் பற்றி மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தார். நூலகமாச்சே, சத்தம் போட்டு நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் யாரும் யாரோடும் பேசாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன்: பல் டாக்டர் கிளினிக்கின் காத்திருக்கும் அறை. மூன்று நாள் அங்கே நிம்மதியாகப் படித்தேன். நாலாம் நாள், "பாவம், தினமும் பயந்துக்கிட்டே திரும்பிப் போறாரு" என்று நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள். மூன்று அத்தியாயம் முடிந்தது. ஒரு கடைவாய்ப் பல்லும் முடிந்தது.

இப்போது நடத்தை விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சையன்று கண்காணிப்புக்கு ஒரு புது ஆசிரியர். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "வாங்க சார், ரொம்ப நேரமா தனியா திண்டாடறேன், அந்தப் பக்கம் நீங்க குடுத்துடுங்க" என்று வினாத்தாள் கட்டைக் கையில் வைத்துவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, என் கையில் காகிதக் கட்டு கொடுத்தால் பட்டுவாடா செய்துவிட்டுத்தான் மறு வேலை. வரிசை வரிசையாகக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒருவரும் மூச்சு விடவில்லை. வாலு மட்டும் கையைத் தூக்கி, "சார், மூணாவது கேள்வி புரியல" என்றாள். குனிந்து விளக்கினேன். கேள்வியைத்தான் விளக்கினேன், பதிலை இல்லை. உன் தலைமேல் சத்தியம். அதற்குள் இன்னும் நாலு கை உயர்ந்தது. எல்லாம் முடித்து, மீதி இருந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு காலி இடத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

"சார், என்ன பண்றீங்க?" என்றார் அவர்.

"பரீட்சை எழுதறேன்."

"நீங்க யாரு?"

"ஸ்டூடன்ட்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். விசாரணை, கையெழுத்து, அடையாள அட்டை என்று இருபத்தைந்து நிமிடம் போயிற்று. கடைசிக் கேள்விக்குப் பாதி விடைதான் எழுத முடிந்தது.

துறைத் தலைவர் உன்னைவிட நாலு வயது பெரியவராக இருந்தால் அதிகம். வயதுக்கு மரியாதை கொடுத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்துத் திட்டினார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "உங்களை நான் என்னன்னு கண்டிக்கிறது? கார்டியனை வரச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்தேன். கோல் கீப்பர் கையுறையை வாலுவிடம் திருப்பிக் கொடுத்து, இனி என்னைக் கூப்பிடாதே என்று சொல்லி அனுப்பினேன். அவள் வாங்கிக்கொண்டு, மாடிப்படியை ஒவ்வொன்றாக இறங்கிப் போனாள். எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவுகிறவள். மறுநாள் ஐந்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நல்லதுதான். நாலு அத்தியாயம் படித்தேன். எதுவும் மண்டையில் ஏறவில்லை.

எனவே, செவ்வாய்க்கிழமை நீ அவசியம் வர வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்ல ரொம்ப அமைதியானவர்தான் சார், சேர்க்கை சரியில்ல, இனிமே நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நீ ஒன்பதாவது படிக்கும்போது லேப் கண்ணாடியை உடைத்ததற்கு நான் வந்து கைகட்டி நின்றதைச் சொல்லிக்காட்டவில்லை. எழுத்துப்போக்கில் ஞாபகம் வந்தது. இனி எனக்குப் படிப்பு ஒன்றே குறி. நட்பு, ஆட்டம், கேக் அத்தனைக்கும் முழுக்கு.

பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. அவர் சிரித்தால் மூன்று நாளைக்கு நிறுத்த மாட்டார். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், பல்வலி இல்லாமல், நீடூழி வாழ்க.

என்றும் உன் பொறுப்பிலுள்ள,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாலுவும் கூட்டமும் கதவை உடைக்காத குறையாக வந்துவிட்டார்கள். மார்க் பட்டியல் ஒட்டிவிட்டார்களாம். பாதி விடையோடும் நான்தான் முதல். எப்படி என்று எனக்கே விளங்கவில்லை. "ஆளாளுக்கு அம்பது தடவை சொல்லிக் குடுத்தீங்க பெரியப்பா, தூக்கத்துல எழுதினாலும் வரும்" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய முழுக்கு ரத்து. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொருளாதாரத் துறையோடு இறுதி ஆட்டம். கோலில் நிற்க வேறு நாதி இல்லை. துறைத் தலைவரை நீ மட்டும் போய்ப் பார்த்துவிடு. அப்பா எங்கே என்று கேட்டால் கடும் காய்ச்சல் என்று சொல். அவர் அறை ஜன்னலிலிருந்து மைதானம் நன்றாகத் தெரியும். முதல் வேலையாகத் திரையை இழுத்து விடு.