நிழலில் நாற்பத்தொன்று

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமா எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் பேத்தியும் நலம் என்பது உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அப்படியே இருங்கள்.

மாற்றல் படிவத்தில் எந்த ஊரை எழுதுவது என்று மாதக் கடைசிக்குள் முடிவு செய்ய வேண்டும், பேத்திக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, எங்கள் தென்மாவட்டத்துத் தட்பவெப்பம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முப்பத்தொரு வருஷம் வானிலை நிலையத்தில் வெப்பமானி பார்த்துக் குறித்தவனிடம் கேட்டது சரிதான். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்பும் இதையே கேட்டீர்கள், நானும் உள்ளது உள்ளபடி எழுதினேன், நீங்கள் இரண்டு நாள் ரயில் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதிலிருந்து உங்கள் அத்தை என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இந்தத் தடவை, "நல்லா இருக்குன்னு எழுதிடுங்க" என்றாள். அளக்காமல் எப்படி எழுதுவது?

வீட்டுப் பின்புறம் வெப்பமானியை மாட்டினேன். முதல் நாள் மதியம் இரண்டரைக்கு, நிழலில் நாற்பத்தொன்று. மறுநாள் இருபத்திரண்டு. அதற்கடுத்த நாளும் அதேதான். கருவி இருபத்திரண்டு என்கிறது, எனக்கோ வேர்த்து ஊற்றுகிறது, கருவி பொய் சொல்லாது, ஆகவே கோளாறு என் உடம்பில்தான் என்று ஸ்வெட்டரைத் தேடிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் நெஞ்சில் குழாய் வைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கடைசியில், "ஐயா, உங்களுக்கு ஒண்ணுமில்ல. வெளியில வெயில் அடிக்குது, அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு வந்து வெப்பமானியைக் கழற்றினால் பின்னால் கொத்தமல்லி இலை ஒட்டியிருக்கிறது. நான் இரண்டரைக்கு ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டேன், பிந்தவும் மாட்டேன் என்று தெரிந்து, ஒரு மணிக்கே அதை ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு இருபத்தெட்டுக்கு எடுத்து மாட்டியிருக்கிறாள் உங்கள் அத்தை. கேட்டால், சூட்டுல கெடக்குதே, பாவமா இருந்துச்சு என்கிறாள்.

ஆகவே உண்மை நிலவரம் இது. மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபர் வரை வெயில். குளிர்காலம் உண்டு, போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மழை சாயங்காலம் நாலு மணிக்கு, கொடியில் துணி முக்கால்வாசி காய்ந்ததும் வரும். ஈரப்பதம் எண்பத்தெட்டு. அதில் கதவெல்லாம் ஊறி உப்பிப்போய், புதன்கிழமை குளியலறையில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். அத்தை வெளியில் நின்றுகொண்டு, இதையும் எழுதப் போறீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தள்ளினாள். எழுதிவிட்டேன். என்ன செய்வது, உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? வேறு ஊரை எழுதுவதுதான் குழந்தைக்கு நல்லது.

பேத்திக்கு எங்கள் முத்தங்கள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை வாங்கிப் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று மடித்துக் கொடுத்துவிட்டு, பேத்தி வந்தால் இருக்கட்டும் என்று ஒழித்து வைத்திருக்கும் அறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஃபேன்கூடப் போடவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. மேலே நாற்பத்தொன்று என்று இருப்பதை இருபத்தொன்பது என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். கிளம்பி வாங்க.