சூப்பில் போன சாலையோரத் தழை

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்கா கணவர் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் நிமிடம்வரை இங்கே எல்லோரும் நலம். அடுத்த வரிக்கு நான் பொறுப்பில்லை. நீ நலமாகவும் உன் மருந்துக் கடை திறந்தும் இருக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். நம் பெண் விரும்பும் பையனின் அப்பா அம்மா இன்று சாப்பிட வந்திருக்கிறார்கள். மாலை டீ குடித்ததும் முடிவைச் சொல்வதாகப் பேச்சு. காலையில் உன் அக்கா சூப்பில் போடக் கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னாள். கடை பூட்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், நீ அவளுடன் பிறந்தவன். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூவோடு, அச்சு அசல் மல்லித் தழையாக ஒரு செடி மண்டிக் கிடந்தது. பூவைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தழையைக் கட்டாகக் கட்டி, கடையில் வாங்கியது என்று கொடுத்துவிட்டேன். சம்பந்தி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தார், சம்பந்தியம்மா மிச்சத்தைக் குடித்தார், பாத்திரம் காலி. அப்புறமாவது நான் சும்மா இருந்தேனா? கைபேசியில் அந்தச் செடியைத் தேடினேன். காட்டு கேரட்டாம், தின்னலாமாம். அப்பாடா என்று விரலால் திரையைத் தள்ளினால், கீழே அதே முகத்தோடு இன்னொன்று! அதைத் தின்றால் கை கால் இழுத்து மூச்சே நின்றுவிடுமாம். தண்டில் முடி இருந்தால் முதலாவது. வழவழவென்று ஊதாப் புள்ளி இருந்தால் இரண்டாவது. லிப்ட் பரிசோதகராக வேலையில் இருந்த காலமெல்லாம் லிப்ட் லிப்டாக ஏறி ஒவ்வொரு கம்பியையும் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன், ஒரு தண்டைத் தடவிப் பார்க்கவில்லையே!

சம்பந்தி சோபாவில் வாயைப் பிளந்து தூங்குகிறார். எதிரே உட்கார்ந்து அவர் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். நடுவில் ஒரு தடவை ஏறின வயிறு இறங்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது, அப்புறம்தான் குறட்டை வந்தது. சம்பந்தியம்மா, "காலு மரத்துப் போச்சுங்க" என்கிறார். கால்மேல் கால் போட்டதாலா, சூப்பாலா? சொன்னால் கல்யாணம் போச்சு, சொல்லாவிட்டால் இரண்டு உயிர் போச்சு. போனில் பேசினால் இவர்கள் காதில் விழும். அதனால் இதைக் கீழே காவல்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். பையன் தங்கமானவன். நம் பெண் இப்படிச் சிரித்துப் பேசி இப்போதுதான் பார்க்கிறேன். பயமாக இருக்கிறதடா. மாற்று மருந்து ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு ஓடி வா.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நீண்ட நாள் வாழட்டும், குறிப்பாக இங்கே தூங்குகிறவர்.

இப்படிக்கு,
மல்லி வாங்கப் போன அத்தான்

பின்குறிப்பு: பொறுக்க முடியாமல் சம்பந்தியை எழுப்பிக் காதோடு சொல்லிவிட்டேன். அவர் போட்ட அலறலில் உன் அக்கா ஓடி வந்தாள். "அந்தக் கட்டா? ஒரே எலி மூத்திர வாடை, அப்பவே குப்பையில போட்டுட்டேன். பக்கத்து வீட்டுல மல்லி வாங்கித்தான் போட்டேன். நீங்க வாங்கிட்டு வந்ததை நம்பி நான் என்னைக்குங்க சமைச்சிருக்கேன்?" என்றாள். குப்பைக் கூடையையே தூக்கி வந்து காட்டினாள். சம்பந்தி நம்பினால்தானே! நாக்கு தடிக்கிறதாம், கால் இழுக்கிறதாம். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க, கல்யாணத்தை எப்ப வேணா வச்சுக்கலாம், முதல்ல மருந்தைக் கொடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். ஆகவே, ஏதாவது சத்து மாத்திரை கொண்டு வா. கொஞ்சம் பெரிதாக, சிவப்பாக இருக்கட்டும். ஆனால் மெதுவாகவே வா. தேதி குறித்த பிறகு கொடுத்தால் போதும் என்கிறாள் உன் அக்கா.