டர்போ ஆறும்வரை

என் ஊமைக்கோட்டானுக்கு,

உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே நான், வாசலில் உங்கள் சிவப்புக் கார், அதைச் சுற்றிச் சுற்றி வரும் உங்கள் தம்பி, மூவரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு என்ன குறைச்சல்? பெட்ரோல் விலை எட்டாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சையே பொறுத்தவர்தானே.

விஷயம் என்னவென்றால், கார் தம்பிக்கு வேண்டுமாம். நேராகக் கேட்க வாய் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எழுந்து போவதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டர்போவா சூப்பர்சார்ஜரா என்று ஆரம்பித்துவிட்டார். "அண்ணி, டர்போங்கிறது இன்ஜின் வெளிய விடுற புகையில சுத்துற காத்தாடி. அது சுத்தித்தான் காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும். புகை சேர்ற வரைக்கும் வண்டி தூங்கும், அப்புறம் திடீர்னு பாயும். சூப்பர்சார்ஜர் அப்படியில்ல, இன்ஜினோட பெல்ட்லயே சுத்தும், மிதிச்சதும் ஓடும். பொம்பளைங்களுக்கு அதுதான் சரி. நம்ம வண்டி டர்போ, உங்களுக்கு ஆகாது." அப்படி ஒரு வண்டி அவரிடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ஓட்டுவது ஓட்டை மொபெட், வக்காலத்து வாங்குவது சூப்பர்சார்ஜருக்கு. இன்ஜின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து, அதன் பலத்தையே கொஞ்சம் தின்று சுற்றுமாம் அது. இவர் ஏன் அதற்குப் பரிந்து பேசுகிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. உங்கள் சட்டைகளை ஏற்கெனவே அவர்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்.

நான் விடவில்லை. சலவைக்கூடத்து வேலைக்குப் பேருந்தில் தொங்கித் தொங்கி என் இடுப்பே கழன்றுவிட்டது, லைசென்ஸோ அலமாரியில் தூங்குகிறது, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். "அப்ப தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிட்டு முழுசாத் திரும்பி வந்து காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல" என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மருந்துக்கடை மேட்டில் "மிதிங்க அண்ணி" என்றார். மிதித்தேன். வண்டி ஊர்ந்தது. "நல்லா மிதிங்க!" மிதித்தேன். "யோசிக்குது பாருங்க, அதான் டர்போ" என்றார். எனக்குப் புதுசா? குழாய் ஒழுகுகிறது என்றால் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, எல்லாரும் மறந்த பிறகு திடீரென்று எழுந்து குழாயையே பிடுங்கி எடுப்பீர்களே, அதே ஜாதி. பாய்ந்தது பாருங்கள்! உங்கள் தம்பி "அம்மா" என்று கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடை வாசலில் நிற்கும் எடை மிஷினை முத்தமிட்டு நின்றோம். அது பயந்துபோய் ஒரு சீட்டைத் துப்பியது. கடைக்காரர் ஓடிவந்து, "இது ஆள் எடை பாக்கிற மிஷின்ம்மா, கார் எடை பாக்கிறது இல்ல!" என்றார். காரிலும் கீறல் இல்லை, மிஷினிலும் கீறல் இல்லை. அதற்குப் பிறகு பதமாக மிதித்தேன். நல்ல பிள்ளையாகத்தான் வந்தது.

பாலை வாங்கிவந்து நம் வீட்டு வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். "இறங்கலையா அண்ணி?" என்றார். "இருங்க தம்பி, டர்போ ஆறட்டும். உடனே அணைச்சா காத்தாடி கருகிடும்னு உங்க அண்ணன் சொல்வாரு" என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார் மனுஷன். "மலை ஏறி வந்தா ஆற விடணும், வேகமா ரொம்ப தூரம் வந்தா ஆற விடணும். பால் வாங்கிட்டு வந்ததுக்கு அது சூடே ஆகியிருக்காது. அண்ணனுக்குத் தெரியாததா?"

தெரியும், இல்லையா? தீப்பெட்டி வாங்கி வந்தால்கூட வாசலில் வண்டியை உறுமவிட்டு உள்ளேயே குந்தியிருப்பீர்களே. நான் தொண்டை கிழியக் கத்தினால், "டர்போ ஆறணும்டி" என்பீர்கள். சாப்பாடு ஆறிப்போகும், உங்கள் டர்போ ஆறாது. நானும் பாவம் அந்தக் காத்தாடி என்று வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவேன். பொண்டாட்டி முகத்தில் விழிக்காமல் இருக்க இப்படி ஒரு சாக்கு! நாலு சக்கரம் வைத்த பதுங்குகுழி எனக்கு எதற்கு? சாவியைத் தம்பியிடமே கொடுத்துவிடப்போகிறேன். பேருந்தே மேல், அதில் யாரும் என்னிடமிருந்து ஒளிந்துகொள்வதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். பெரியவர்கள் எதிர்ப்பட்டால் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடம் மட்டும், கேட்டதாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே போனால் சண்டை வரும்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள் மனைவி.

பின்குறிப்பு: சாவியைக் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் போனேன். தம்பி கையை நீட்டியதும், "வண்டி முழுசா வந்துச்சா இல்லையா? அப்புறம் என்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டேன். இன்று வேலைக்கு அதில்தான் போய்வந்தேன். சாயங்காலம் வாசலில் நிறுத்தியபோது வீடு இருட்டாகக் கிடந்தது. அணைக்க மனம் வராமல் உங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் நேரே நம் சமையலறை ஜன்னல் தெரிகிறது. இது எனக்குத் தெரியவே தெரியாது. விளக்கு எரிந்தால், அடுப்படியில் நிற்கிற ஆள் முழுசாகத் தெரியும். ஏங்க, நீங்கள் என்னிடமிருந்து ஒளிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்களா, இல்லை என்னைப் பார்த்துக்கொண்டா?