பூவுக்குப் பக்கவிளைவு இல்லை எனத் தீர்மானம்

நோயை வெல்ல மனிதகுலம் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது கை தூக்கி நடத்தும் வாக்கெடுப்புதான். ஊசி, மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம். ஜெர்மனியில் இதை நிரூபித்துக் காட்டிய பெருமை எல்லர்பாக் ஊரின் ‘இயற்கை நலச் சங்க’த்தையே சேரும். அதன் செயலாளர் ரோஸ்விதா.

சங்கம் மாதந்தோறும் ‘கறுப்பு மான்’ மதுக்கடையின் பின்னறையில் கூடும். பன்றிக்கால் வறுவலையும் பீரையும் ஒரு கை பார்த்துவிட்டு, உறுப்பினர்கள் உடல் தூய்மை பற்றி விவாதிப்பார்கள். தலைவர் க்ளூகே நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஆகவே மருத்துவத்தில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஜோஹன்னிஸ் பூ என்னும் மஞ்சள் பூவைச் சாராயத்தில் ஊறவைத்து அவர் இறக்கிய சொட்டு மருந்து, மனச்சோர்வு, தூக்கமின்மை, மாமியார் வருகை அனைத்துக்கும் ‘அங்கீகரிக்கப்பட்டது’.

ரோஸ்விதாவின் கணவர் கெரோல்டுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. குளிர்காலம் வந்தாலே மனம் வாடிப்போகும் மனிதர். அவரும் சொட்டு மருந்தைக் குடிக்கத் தொடங்கினார், நன்றாகத் தூங்கினார். மாத்திரை வாங்கப் போன ரோஸ்விதா இதைப் பெருமையாகச் சொன்னபோது, மருந்துக்கடை தெட்ஸ்லாஃப் அம்மா பதறிவிட்டாள்.

“ஐயோ, அதைக் குடுக்காதீங்க! அந்தப் பூ இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. வால்வுல ரத்தம் கட்டி, மூளைக்குப் போயிடும். இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.”

“வெறும் மூலிகைதானே?”

“அரளியும் செடிதாம்மா.”

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்ப் புட்டியைச் சாக்கடையில் கொட்டியிருப்பார்கள். ரோஸ்விதாவோ செயலாளர். சங்கம் அங்கீகரித்த மருந்தைச் சங்கத்தைக் கேட்காமல் கொட்டலாமா? அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கோடைச் சுற்றுலாவுக்கும் நாற்காலி உறைக்கும் கீழே, ‘இதர விஷயங்க’ளில் சேர்த்துவிட்டாள். கூட்டம் வரும்வரை கெரோல்ட் தவறாமல் குடித்தார்; கூட்டத்துக்கும் அவளோடு வந்தார்.

“மருந்துக்கடைக்காரி அப்படித்தான் சொல்லுவா,” என்றார் க்ளூகே. “மாத்திரை விக்கலைன்னா அவ பொழப்பு என்னாவுறது?”

“இவரோட உயிராச்சே, தலைவரே.”

“அதனாலதானே ஓட்டெடுப்பு வைக்கிறோம்! பூவுக்குப் பக்கவிளைவு உண்டுங்கறவங்க கை தூக்குங்க.”

மேசைக்கடியில் இருந்த கையை ரோஸ்விதா வெளியே எடுக்கப் போனாள். “விடு ரோஸி, எனக்கு நல்லாத்தானே தூக்கம் வருது,” என்றார் கெரோல்ட். ஒரு கையும் எழவில்லை. ‘இல்லை’ என்றதற்கு எல்லாக் கைகளும் எழுந்தன; அவளுடையதும். ஒருமனதாக நிறைவேறிய மகிழ்ச்சியில் எல்லோருக்கும் இன்னொரு பீர் வந்தது.

ஈஸ்டருக்கு முன்பு, சூப் குடித்துக்கொண்டிருந்த கெரோல்டின் கையிலிருந்து கரண்டி நழுவியது. வால்வில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள் மருத்துவர்கள். வலது கையையும் பேச்சையும் இழந்து வீடு திரும்பினார்.

சங்கம் அவரைக் கைவிடவில்லை. பூங்கொத்து கொடுத்து, சக்கர நாற்காலியோடு கூட்டத்துக்கு அழைத்தது. நடந்தது தற்செயல், பழைய தீர்மானம் செல்லும் என்று புதிய தீர்மானம் வந்தது.

“எதிர்ப்பு யாராவது?”

கெரோல்டின் இடது கை மெல்ல எழுந்தது. எழுந்த கை இறங்கவில்லை.

க்ளூகே விதிகளைப் புரட்டினார். “மன்னிக்கணும். நம்ம விதிப்படி வலது கைதான் செல்லும்.”

ரோஸ்விதா கணவரின் செத்துப்போன வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து உயர்த்தினாள்.

“அது நீங்க தூக்குனதும்மா, செல்லாது.”

“அப்ப என் ஓட்டு?”

“உங்க கை ரெண்டும்தான் வேலையா இருக்கே. ஒருமனதா நிறைவேறுச்சு. எழுதிக்குங்க.”

ரோஸ்விதா அந்தக் கையைக் கீழே விடவில்லை. அழுகையும் ஆத்திரமுமாகக் குரல் வெடித்தது. “எழுதிக்கிறேன், தலைவரே. பூ மேல குத்தமே இல்ல. இவரை முடக்கிப் போட்டது அன்னைக்கு இங்க தூக்குன கைங்கதான். முதல் கை என்னோடது.”

க்ளூகே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நல்ல கருத்துதாம்மா. ‘இதர விஷயங்கள்’ல போடுங்க. அடுத்த மாசம் ஓட்டுக்கு விடலாம்.”